மேலகரத்துக்கு மாப்பிள்ளை கேட்கப் போனேன்

தென்காசி ரயில் நிலையத்தில் நான் இறங்கும்போது ஒருவர் என் பெட்டியைத் தூக்க வந்தார். இன்னொருவர் என்னையே தூக்க வந்தார். "விடுங்க சார், நானே இறங்கிக்கிறேன்" என்றேன். "விழுந்துருவீங்கம்மா, பாவம்" என்றார். விழுந்தால் எழுந்துகொள்வேன், உங்களுக்கென்ன சிரமம் என்று கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் செயற்கைக் காலையும் பிறகு சொந்தக் காலையும் நடைமேடையில் வைத்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியை மட்டும் அவரிடம் கொடுத்தேன். அது நிஜமாகவே கனம்.

எனக்கு இடது கால் முழங்காலுக்கு மேலிருந்து கிடையாது. நான்கு வருடமாகிறது. பாரிஸின் ஓரத்தில் சைக்கிளில் தபால் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது பார்க்காமல் வந்தது ஒரு வேன். அந்த வேனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரிகூட எழுதுவதாக இல்லை. ஏற்கெனவே அதற்கு ஒரு கால் கொடுத்தாயிற்று.

குத்தாலிங்கத்தைப் பற்றி எழுதலாம். என் தபால் தெருவில் இருந்த தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் அவன் சமையல்காரன். விபத்துக்கு முன்னால் எனக்கு அவன் வெறும் கையெழுத்துதான், பதிவுத் தபாலுக்குக் கோணல்மாணலாகப் போடுகிற கையெழுத்து. ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் ரசமும் சோறும் கொண்டுவந்தான். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். இவன் என் தட்டில் மிச்சமிருந்த தயிரைப் பார்த்து, "இது உங்களுக்கு வேண்டாமா?" என்று எடுத்துத் தின்றான். எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டேன். காதல் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு காலோடு அந்தத் தெருவில் எத்தனையோ வருடம் போய்வந்தபோது வராத காதல்.

கல்யாணம் என்று பேச்சு வந்ததும், "எங்கம்மா வாயால சரின்னு சொல்லணும்" என்றான். நாற்பது வயது ஆள்! அவனுடைய வசிப்பிட அனுமதி புதுப்பிக்கப் போயிருந்ததால் நாட்டை விட்டு நகர முடியாது. சரி, உன் ஊர் மேலகரத்துக்கு நானே போய்க் கேட்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் போவதுதான் வழக்கம். எனக்கு அந்த வழக்கத்தால் இதுவரை ஒரு நன்மையும் நடந்ததில்லை.

நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்கார அண்ணாச்சி ஒருவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்: "காலு என்னம்மா ஆச்சு?" பாரிஸில் யாரும் கேட்கமாட்டார்கள். மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் என் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார், கூரையைக்கூட. அந்த நாகரிகம் எனக்குப் பழகிவிட்டது, பிடித்ததில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். "அடப்பாவி" என்று அந்த வேன்காரனை மேலகரம் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு மனசு லேசாக இருந்தது.

குத்தாலிங்கத்தின் அம்மா கோமதியம்மாள் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சமைத்தவர். கணவர் இல்லை. தனியாக இருக்கிறார். நெடுநெடுவென்ற உயரம், சிரிக்காத முகம். கையில் செம்புத் தண்ணீரோடு வாசலில் நின்றார். "வாங்க. ரயில்ல வந்த கால். கழுவிட்டு உள்ள வாங்க."

இந்தத் தடையை நான் நினைத்தே பார்க்கவில்லை. விமான நிலையத்துச் சோதனை, ரயில் படி, ஆட்டோ இருக்கை எல்லாவற்றுக்கும் யோசித்து வைத்திருந்தேன். வாசலில் கால் கழுவுவதை மறந்தே போனேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்புகளைக் கழற்றினேன். கோமதியம்மாள் குனிந்து தானே தண்ணீர் ஊற்றினார். வலது கால் முடிந்தது. இடது பாதத்தில் தண்ணீர் ஊற்றி, விரலருகே ஒட்டியிருந்த சேற்றைக் கையால் தேய்த்தார். தேய்த்த கை நின்றது.

"என்னம்மா இது, இம்புட்டு கெட்டியா இருக்கு? மரத்துப்போச்சா?"

"மரத்துப்போகலைங்க. இது என் கால் இல்லை."

"அப்பம் யாரு காலு?"

நான் பேன்ட்டை முட்டிவரை தூக்கினேன். உள்ளே இருக்கும் உலோகக் குழாயும் மூட்டும் தெரிந்தன. அவர் குனிந்தவர் குனிந்தபடியே பார்த்தார். கத்தவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "அவன் ஆபரேசன்னுதான சொன்னான்" என்றார்.

"என்ன சொன்னான்?"

"காலுல அடி, ஆபரேசன் பண்ணி நல்லாயிட்டு, இப்பம் அவ ஓடுதான்னு சொன்னான்."

ஓடுகிறேனாம்! மூன்று வருடமாக ஒன்றாக இருக்கிறோம். இந்தக் காலை மாட்டிவிடவும் கழற்றவும் தெரிந்தவன். அம்மாவிடம் மட்டும் என்னை ஓடவிட்டிருக்கிறான். கோமதியம்மாள் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் அதே பாதத்தில் ஊற்றினார். "யாரு காலா இருந்தாலும் சேறு சேறுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போய்ச் சாமி மாடத்திலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து என் முன்னால் பிரித்தார். வெள்ளித் தகட்டில் செய்த கால் உருவங்கள் இரண்டு, உள்ளங்கை நீளம். உடம்பில் எந்த இடம் குணமாக வேண்டுமோ அந்த உருவத்தைச் சாமிக்குப் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். நான் பிறந்த புதுச்சேரியிலும் உண்டு. "எந்தக் காலுன்னு கேட்டதுக்கு அவன் மழுப்பிட்டான். அதான் ரெண்டும் வாங்கி வச்சேன்" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. வந்ததெல்லாம் மகன் மேல்.

போன் போட்டேன். "எதுக்குடா மறைச்சே?" என்றேன். "அம்மா தாங்கமாட்டாளேன்னு நெனச்சேன்" என்றான். "உங்கம்மா தாங்கிட்டாங்க. மிச்சத் தண்ணியையும் ஊத்திக் கழுவிட்டாங்க. தாங்காதவன் நீதான். உனக்கு வெட்கமா இருக்கு, அதை அம்மா தலையில போடாதே" என்றேன். போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு அவன் கூப்பிட்டதை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தயிரைத் தின்றவன் வேறு ஆளோ என்று தோன்றியது. அழுகையாக வந்தது, அழுதேன்.

மத்தியானம் உளுந்தஞ்சோறு போட்டார். கறுப்பு உளுந்தைத் தோலோடு போட்டுப் பொங்கிய சோறு, பக்கத்தில் எள்ளுத் துவையலும் அவியலும். குத்தாலிங்கம் பாரிஸில் வாரம் ஒருமுறை செய்வான், கடை முழுக்கப் புகழும். இதைத் தின்ற பிறகு அது வெறும் உளுந்து போட்ட சோறு. மூன்றாவது முறை கேட்டு வாங்கினேன். "நல்லாத் தின்னுதீங்க" என்றார். பாராட்டா புகாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் செல்லத்தாய் அத்தை வந்தார். குத்தாலிங்கத்தின் அப்பாவோடு பிறந்தவர், பக்கத்துத் தெரு. நல்ல மனுஷி, வாய்தான் ஓயாது. விஷயத்தைக் கேட்டதும் என்னை அணைத்து ஒருபாட்டம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டம் போட ஆரம்பித்தார். "இதுல ஒண்ணுமில்ல மதினி. கீழவரைக்கும் சேலை கட்டிட்டா யாருக்குத் தெரியப்போவுது? கேட்டா மூட்டுவலின்னு சொல்லிக்கிடுவோம். ஊருக்கு எதுக்குச் சொல்லணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அத்தை, நான் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலைதான் கட்டுவேன். நடவுக்குப் போறவங்க மாதிரி முட்டிக்கு மேல தூக்கிச் செருகிட்டு வருவேன். போட்டோக்காரர் முதல் படமே அதைத்தான் எடுக்கணும்" என்றேன். அத்தை வாயில் கைவைத்துக்கொண்டு கோமதியம்மாளைப் பார்த்தார். அவர் சிரிக்கவுமில்லை, என்னைக் கண்டிக்கவுமில்லை. "செல்லத்தாயி, காப்பி ஆறுது" என்றார். வந்த காரியம் என்ன ஆகும் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போனோம். நேர்ந்தது நேர்ந்ததுதான், போட்டுவிட வேண்டும் என்றார். பூசாரி தட்டை நீட்டி, "எந்தக் காலு குணமாச்சு?" என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வலது காலு நல்லாத்தான இருக்கு?" என்று என்னைக் கேட்டார் கோமதியம்மாள்.

"ரெண்டு கால் வேலையையும் அதுதான் பார்க்குது."

"அப்பம் அதுக்குப் போட்டுருவோம். ஒத்தையில கெடந்து மாயுதுல்லா." ஒரு வெள்ளிக் கால் தட்டில் விழுந்தது. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அதைப் போடாதீங்க. அந்தக் காலுக்குச் சாமி ஒண்ணும் செய்யலை. எட்டு மாசம் விழுந்து விழுந்து நான்தான் நடந்து பழகினேன்" என்றேன். பூசாரி அம்மனைத் திரும்பிப் பார்த்தார், கேட்டிருக்குமோ என்று. கோமதியம்மாள், "அதுவும் சரிதான். செய்யாத காரியத்துக்கு எதுக்குப் போடணும்? நீயே வச்சுக்க" என்று என் கையில் திணித்தார். நேற்றுவரை நீங்க, இன்று நீ.

அந்தத் தைரியத்தில் திரும்பும் வழியில் நேராகக் கேட்டுவிட்டேன். "உங்க சம்மதம் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சரியோ இல்லையோ, வாயைத் திறந்து சொல்லிடுங்க."

"நாளைக்கு அருவிக்குப் போவோம். குளிச்சிட்டுப் பேசுவோம்."

சாரல் மாதத்தில் இந்தப் பக்கம் எந்தப் பேச்சானாலும் குளித்துவிட்டுத்தான் போலிருக்கிறது. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். மத்தியானம் நேற்று வந்த அதே அண்ணாச்சியின் ஆட்டோவைப் பிடித்துச் செங்கோட்டை பக்கம் பார்டருக்குப் போனேன். கேரளத்துக்குப் போகிற லாரிகளும் வருகிற லாரிகளும் நிற்கும் இடம். வரிசையாகப் பரோட்டாக் கடைகள். பொரித்த கோழியும் பரோட்டாவும் சால்னாவும் சொன்னேன். பரிமாறியவர், "கூட யாரும் வரலையாம்மா?" என்றார். "நான் வந்திருக்கேனே" என்றேன். "அதுவும் சரிதான்" என்று கேட்காமலே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார். ஐந்து பரோட்டா தின்றேன். போன் ஏழுமுறை அடித்தது, பாரிஸ் எண். இலையை மூடிவிட்டுக் கைகழுவப் போனேன்.

மூன்றாம் நாள் ஐந்தருவி. கோமதியம்மாள், செல்லத்தாய் அத்தை, நான். மேலகரத்தில் பஸ் நின்றது. முதல் படி என் இடுப்புக்குப் பாதி உயரம். வலது காலை வைத்து உடம்பை மேலே இழுப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், வண்டி நகர்ந்தது. கோமதியம்மாள் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். "ஏலே! ஏறிக்கிட்டிருக்குத பிள்ளை கண்ணுக்குத் தெரியலையா? அப்படி என்னல அவசரம், தலைபோற சோலி?" வண்டி நின்றது. கண்டக்டர், "பார்க்கலை ஆச்சி" என்றார். "பார்க்கதுக்குத்தான உனக்கு அந்த வேலை" என்றார் இவர். நான் ஏறினேன், கை கொடுக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் வாசமும் மிளகாய் பஜ்ஜி வாசமும் ஈரத் துணி வாசமும் சேர்ந்து வந்தன. செயற்கைக் காலை நனைக்கக் கூடாது. ஓரமாக உட்கார்ந்து கழற்றினேன். சுற்றிலும் இருந்த தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. அத்தை அவசரமாகத் துண்டைப் போட்டுக் காலை மூடி, மடியில் வைத்துக் காவலுக்கு உட்கார்ந்தார். கொண்டுவந்திருந்த ஊன்றுகோலைப் பிடித்து நான் கெந்திக் கெந்திப் போனேன்.

பெண் காவலர் ஒருவர் குறுக்கே வந்தார். "மேடம், நீங்க போவாண்டாம். வழுக்கும்."

"எல்லாருக்கும்தானே வழுக்கும்?"

"இல்ல மேடம், உங்களுக்கு..."

"அவங்களுக்கு ரெண்டு கால் வழுக்கும். எனக்கு ஒண்ணுதான் வழுக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் கோமதியம்மாள் ஈரப் பாவாடையோடு முன்னால் வந்து, "நான் பிடிச்சுக்கிடுதேன். முப்பது வருசம் அண்டா தூக்கின கை" என்றார். காவலர் வழிவிட்டார். கோமதியம்மாள் என் இடுப்பைப் பிடித்தார், நான் கம்பியைப் பிடித்தேன்.

பயமாகத்தான் இருந்தது. நான்கு வருடமாக நான் உட்கார்ந்துதான் குளிக்கிறேன், பிளாஸ்டிக் முக்காலியில், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு. தண்ணீர் மண்டையில் மடேரென்று விழுந்தது. மூச்சு நின்றது. முகம் தெரியாத ஒரு பெண் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, "தலையைக் குனிஞ்சு குடுங்க, அப்பந்தான் சொகம்!" என்று கத்தினார். குனிந்து கொடுத்தேன். முதுகில் யாரோ அடிக்கிற மாதிரி அடி. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு நான் கத்தினேன், சிரித்தேன், என்னென்னவோ செய்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்தபோது ஒரே கூச்சல். அத்தையின் மடியிலிருந்த துண்டை ஒரு குரங்கு இழுத்திருக்கிறது. காலுக்குள் நான் போட்டுக்கொள்ளும் துணி உறை அதோடு போய்விட்டது. குரங்கு கடைக்கூரை மேல் உட்கார்ந்து உறையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கீழே அத்தை, ஊருக்கு எதுக்குச் சொல்லணும் என்று கேட்ட அதே அத்தை, பொய்க்காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்: "ஏ சவமே! அந்தப் பிள்ளைக்குக் காலு கெடையாது! இந்தக் காலுக்குள்ள போடுத உறைல்லா அது! குடுத்துரு, நல்லா இருப்ப!" ஐந்தருவி முழுக்கக் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். என்னிடம் மாற்று உறை இருந்தது.

ஈரம் காய்ந்த பிறகு மாட்டலாம் என்று பொய்க்காலை அத்தையிடமே விட்டுவிட்டு, பஜ்ஜி வாங்கிக்கொண்டு, அருவியிலிருந்து இறங்கும் படிகளில் உட்கார்ந்தோம். சுற்றி நின்றவர்கள் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டார்கள். ஓர் அம்மாள் கோமதியம்மாளிடம், "இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். நான் பஜ்ஜியைக் கடிக்காமல் காத்திருந்தேன். கோமதியம்மாள் பதில் சொல்லுமுன் அவருடைய போன் அடித்தது. நான் எடுக்காததால் மகன் அம்மாவைக் கூப்பிடுகிறான். ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் அடுப்பங்கரைச் சத்தம், மத்தியானச் சமையல் நேரம் அங்கே.

"அம்மா, ஜெயந்தி அங்கனதான் இருக்காளா? ரெண்டு நாளா போனை எடுக்க மாட்டேங்கா. நீ என்னம்மா சொன்ன? சம்மதம்னு சொல்லிட்டியா?"

"நான் சொல்லுதது இருக்கட்டும். நீ எனக்கு ஒண்ணு சொல்லு. இந்தப் பிள்ளைக்கு என்னல ஆச்சு?"

"அதான்... காலுல..."

"காலுல?"

"ஆபரேசன்மா..."

"ஏலே கோட்டிக்காரப் பயலே! ரெண்டு காலும் இல்லாம நின்னாலும் பொய் சொல்லாத பிள்ளைய இங்கன அனுப்பி வச்சிட்டு, ரெண்டு காலும் உள்ள நீ பொய் சொல்லுதியா? என்ன ஆச்சுன்னு உன் வாயால சொல்லு."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு, "அவளுக்கு ஒரு காலு இல்லம்மா" என்றான்.

"அருவிச் சத்தத்துல கேக்கல."

"அவளுக்குக் காலு இல்லம்மா!"

"எந்தக் காலு?"

"இடது காலு! முட்டிக்கு மேல!"

"அவ யாரு உனக்கு?"

"நான் கட்டிக்கிடப் போறவ!"

படியில் ஏறுகிறவர்கள் நின்று பார்த்தார்கள். செல்லத்தாய் அத்தை பொய்க்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். கோமதியம்மாள் முதலில் கேட்ட அந்த அம்மாளைப் பார்த்து, "கேட்டீங்கல்லா? எம் மருமவ" என்றார். அப்புறம் போனை என்னிடம் நீட்டினார். "எனக்குச் சம்மதம் ஏட்டி. இனி நீதான் சொல்லணும். பொய் சொன்ன பய. வேணுமா வேண்டாமான்னு நல்லா யோசிச்சுச் சொல்லு, எனக்காகப் பார்க்காத."

மாப்பிள்ளை கேட்டு வந்தவள் நான். இப்போது என்னிடம் கேட்கிறார்கள். போனை வாங்கிக்கொண்டேன். "ஜெயந்தி, தப்புதான். எனக்குத்தான் பயம், நீ சொன்னது சரி" என்றான்.

"கேட்கலை" என்றேன். "முதல்லேர்ந்து சொல்லு. கடையில இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ரெண்டு பாஷையிலயும்."

சொன்னான். முதலில் தமிழில், பிறகு பிரெஞ்சில், அடுப்பங்கரையே அதிர. யாரோ கைதட்டினார்கள். பத்துப் படி கீழே இறங்கி உட்கார்ந்திருந்தால் அருவிச் சத்தம் குறைந்து முதல் தடவையே நன்றாகக் கேட்டிருக்கும். நான் இறங்கவில்லை. "இன்னொரு தடவை" என்றேன்.